மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் நயாகராவைப் பற்றி எழுதிவிட்டார்கள். நானும் போனேன், நனைந்தேன். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத நினைத்திருந்தது ஒரு கார் ஷோரூமைப் பற்றி. நடந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எழுதினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன், மாப்பிள்ளை உட்பட.

2013 ஜூன். நியூ ஜெர்சி. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. பழைய காரைக் கொடுத்துவிட்டு ஒரு சொகுசு செடான் எடுக்க ஆசைப்பட்டார். பெயர் வேண்டாம், முன்னால் சின்னம் பளபளக்கும் வகை. "மாமா, நீங்களும் வாங்க. நீங்க பேங்க்ல இருந்தவர், உங்களுக்குக் கணக்கு தெரியும்" என்றார். இப்படிச் சொல்லி அழைத்தால் எந்த மாமனார் போகாமல் இருப்பார்? பேன்ட், ஷர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

விற்பனையாளர் இளைஞர், நல்ல மரியாதை. காபி கொடுத்தார். என்னை 'சார்' என்றார். அந்த ஊரில் அதைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. காரின் விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார். பழைய காரின் மதிப்பு, புதுக் காரின் விலை, முன்பணம், மாதத் தொகை. போட்டுவிட்டு நான்காவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்: மாதம் எவ்வளவு கட்ட உங்களுக்குச் சௌகரியம்?

மாப்பிள்ளை 600 டாலருக்குள் என்றார். அவர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். வரி தனி, மாதம் 581 என்று முடிந்தது. மூன்று வருட லீஸ். நான் மாப்பிள்ளையின் முதுகைத் தட்டி, "நல்லா பேசினீங்க" என்றேன். அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் அப்படி ஏமாந்தேன் என்றால், என் தலைமுறை கார் வாங்கிய விதம் வேறு. நம் ஊரில் அம்பாசடர், ஃபியட் காலத்தில் டீலர் கடவுள் மாதிரி. முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983இல் மாருதிக்கு முன்பதிவு ஆரம்பித்தபோது பத்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டுக் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். கார் கைக்கு வந்த அன்றே வாசலில் ஒருவர் நின்று, வாங்கிய விலைக்கு மேல் 'பிரீமியம்' தருகிறேன் என்பார். என் சித்தப்பா அப்படி ஒரு ஃபியட்டை ஓட்டாமலே விற்று, அந்தப் பணத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்தார். தள்ளுபடி என்ற சொல் கோ-ஆப்டெக்ஸோடு சரி, காருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனதே 1993இல்தான்.

நாம் காருக்காகக் காத்திருந்தோம் என்றால், அமெரிக்காவில் கார் ஆளுக்காகக் காத்திருந்தது. அதுவும் இன்று நேற்றல்ல, நூறு வருடமாக. மாப்பிள்ளை வீட்டில் பகலில் எனக்கு வேலை இல்லை. உள்ளூர் நூலகம் நடக்கிற தூரம். அந்தக் கார் விவகாரத்துக்குப் பிறகு நான் அங்கே உட்கார்ந்து படித்ததைச் சொல்கிறேன்.

முதல் பெரிய பணத் திருப்பத்தைச் செய்தவர் ஹென்றி ஃபோர்டு. 1914 கோடையில் ஓர் அறிவிப்பு விட்டார். அடுத்த ஒரு வருடத்தில் மாடல் டி கார்கள் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றால், வாங்கிய ஒவ்வொருவருக்கும் 40 முதல் 60 டாலர் வரை திருப்பித் தருவேன் என்றார். விற்றது. ஆளுக்கு 50 டாலர் காசோலை போனது. ஐநூறு டாலருக்கும் குறைவான காரில் 50 டாலர் என்றால் பத்தில் ஒரு பங்கு! டீலர் நடுவில் கை வைக்க முடியாது. தொழிற்சாலை நேரே வாங்கியவருக்கே அனுப்பியது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆனால் ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. முழுப் பணம் கொடு, காரை எடு. போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் ஜிமேக் என்ற பெயரில் சொந்தமாக ஒரு கடன் நிறுவனமே ஆரம்பித்துவிட்டது. ஃபோர்டு 1923இல் பதிலுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலராகச் சேர்த்துக்கொண்டே வா, முழு விலையும் சேர்ந்தபின் கார் தருகிறேன் என்று. நம் நகைக்கடைச் சீட்டு மாதிரி. எடுபடவில்லை. காரை இன்றே ஓட்டிக்கொண்டு போய்விட்டுப் பிறகு கட்டலாம் என்று ஒருவன் சொல்லும்போது சீட்டுப் பிடிக்க யார் வருவார்கள்? 1928இல் ஃபோர்டும் கடன் நிறுவனம் ஆரம்பித்தார்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்பிரட் ஸ்லோன் இன்னொன்றும் செய்தார். ஷெவர்லேயில் தொடங்கி கேடிலாக்கில் முடியும் ஓர் ஏணி. சம்பளம் ஏற ஏற ஒரு படி மேலே ஏறு. வருடா வருடம் மாடலை மாற்று. போன வருடக் காரை வைத்திருப்பவனுக்கு அது பழசாகத் தெரிய வேண்டும். இதன் பின்விளைவு என்னவென்றால், டீலர் கொட்டகையில் மிஞ்சிய போன வருடக் கார் ஒரு சுமை ஆனது. அதைத் தள்ளிவிட ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஊக்கத்தொகை என்கிற முழு மரமும் இந்த விதையிலிருந்து முளைத்ததுதான் என்பது என் கருத்து.

1950களில் இது அசிங்கமானது. 1953வாக்கில் ஃபோர்டும் ஷெவர்லேயும் முதலிடத்துக்காக மோதிக்கொண்டு, கேட்காத கார்களை எல்லாம் டீலர்கள் தலையில் கட்டின. டீலர்கள் என்ன செய்வார்கள்? விலையைத் தாங்களே உயர்த்தி எழுதிக்கொண்டு, "உங்கள் பழைய காருக்கு இவ்வளவு தருகிறேன் பாருங்கள்" என்று வாரி வழங்குவது போலக் காட்டினார்கள். ஒரே கார், ஒரே தெருவில் இரண்டு கடைகளில் இரண்டு 'பட்டியல் விலை'. ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வாரம் விலைச்சீட்டை மாற்றி ஒட்டும் கடைகளைப் பார்த்திருக்கிறோமே, அதே வித்தை.

ஓக்லஹோமா மாநிலத்தின் செனட்டர் மைக் மன்ரோனி இதை விசாரித்து, 1958இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் தொழிற்சாலை குறிப்பிடும் விலை, கூடுதல் பொருள்களின் விலை, கொண்டுவந்து சேர்க்கும் செலவு எல்லாம் எழுதிய தாள் ஒட்டியிருக்க வேண்டும். வாங்குபவர் கைக்குப் போகும்வரை அதை யாரும் கிழிக்கக் கூடாது. இன்றும் அந்தத் தாளுக்கு அங்கே அவர் பெயர்தான். ஷோரூமில் நான் அதைப் படித்தேன். எவ்வளவு நேர்மை என்று வியந்தேன். அந்தத் தாளில் இல்லாதவைதான் முக்கியம் என்று அப்போது தெரியவில்லை.

தாளில் இல்லாதவை என்ன? டீலர் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் இன்வாய்ஸ் விலை. விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்து, "இன்வாய்ஸுக்கு மேல் ஐநூறு தருகிறேன்" என்று பேசுவார்கள். அதுவும் கடைசி விலை அல்ல. கார் விற்றபின் தொழிற்சாலை டீலருக்குத் திருப்பித் தரும் 'ஹோல்ட்பேக்' என்று ஒன்று உண்டு. பல கம்பெனிகளில் பட்டியல் விலையில் இரண்டு, மூன்று சதவீதம். இன்வாய்ஸ் விலைக்கே விற்றேன், நஷ்டம் என்று டீலர் கண்ணைக் கசக்கினாலும் இந்தப் பணம் வந்துகொண்டிருக்கும். அதற்கு மேல், இந்த மாதம் இத்தனை கார் விற்றால் ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு என்று படிப்படியாக ஏறும் பரிசு. இலக்குக்கு இரண்டு கார் குறைந்தால் அந்த இரண்டை நஷ்டத்துக்கு விற்றாலும் லாபம்தான், ஏனென்றால் மொத்தக் கார்களுக்கும் பரிசு வரும். சில டீலர்கள் சர்வீஸுக்கு வருபவர்களுக்கு இரவல் கொடுக்கும் வண்டிகளாகத் தங்கள் பெயரிலேயே எழுதிக்கொண்டு கணக்கை நிரப்புவதும் உண்டு. மார்ச் 31 இரவு வங்கிக் கிளையில் டெபாசிட் இலக்கை நாங்கள் எப்படி நிரப்பினோம் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் சிரிக்கவில்லை.

வாங்குபவருக்கே பணம் தருவது ஃபோர்டுக்குப் பிறகு பெரிதாக வந்தது 1975இல். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு பெரிய கார்களைச் சீண்டுவார் இல்லை. கிரைஸ்லர் கம்பெனியின் கார்கள் மைதானம் மைதானமாக வெயிலில் நின்றன. அந்த ஜனவரியில், அமெரிக்காவே டி.வி. முன் உட்காரும் சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே, முன்னாள் பேஸ்பால் வீரர் ஜோ கராஜியோலா வந்து, கார் வாங்குங்கள், காசோலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 200 முதல் 400 டாலர் வரை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பின்னாலேயே வந்தன. அதற்கப்புறம் இந்தப் பழக்கம் நிற்கவே இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வட்டியில்லாக் கடன், 2005இல் ஊழியர்களுக்குத் தரும் விலையை ஊருக்கே தருவது என்று போய்க்கொண்டே இருந்தது. மக்களும் கற்றுக்கொண்டார்கள். சலுகை இல்லாத மாதத்தில் கார் வாங்குகிறவன் அசடு.

சொகுசு கார்க்காரர்களுக்கு இது பெரிய தர்மசங்கடம். நாற்பதாயிரம் டாலர் காருக்கு 'நாலாயிரம் தள்ளுபடி' என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டால் பெயர் கெட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரன் போன மாதம் முழு விலைக்கு வாங்கியிருப்பான், அவன் கோபித்துக்கொள்வான். போட்டியோ கடுமை. 1986இல் ஹோண்டா 'அக்யூரா' என்ற பெயரில் வந்தது. 1989இல் டொயோட்டாவின் லெக்சஸ் 35,000 டாலருக்கு ஒரு பெரிய செடானைக் கொண்டுவந்து ஜெர்மன்காரர்களை உலுக்கியது. அந்த முதல் வருடமே சுமார் எட்டாயிரம் கார்களைத் திரும்ப அழைத்துப் பழுது பார்க்க வேண்டிவந்தபோது, வீட்டுக்கே போய் எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் டேங்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள் என்று படித்தேன். விலையைக் குறைக்காமல் கொடுக்கும் சலுகை என்றால் அதுதான். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

எல்லோராலும் அப்படிச் செய்ய முடியுமா? அவர்களுக்கு வழி காட்டியது லீஸ். வாகனங்களைக் கம்பெனிகளுக்கு மொத்தமாக வாடகைக்கு விடுவது 1939இலேயே சிகாகோவில் ஸாலி ஃபிராங்க் என்பவர் தொடங்கிய தொழில். தனிமனிதர்களிடம் அது பரவியது பிற்பாடு. 1986 வருமான வரிச் சீர்திருத்தத்தில் கார்க் கடன் வட்டிக்கு இருந்த வரிச்சலுகை போனது ஒரு காரணம். இன்று அங்கே சொகுசு செடான் ஓட்டுகிறவர்களில் பலர் அதன் சொந்தக்காரர்கள் அல்ல, மூன்று வருட வாடகைக்காரர்கள்.

லீஸில் சலுகையை எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எங்கள் கதை இதில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையின் காருக்கு ஸ்டிக்கர் விலை 45,000. பேசி முடித்தது 42,000. மூன்று வருடம் கழித்து அதன் மதிப்பு 26,100 என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். இதற்கு 'ரெசிட்யுவல்' என்று பெயர். இடையில் தேயும் 15,900ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 442. அதோடு வட்டி. வட்டியைச் சதவீதமாகச் சொல்ல மாட்டார்கள். 'மனி ஃபேக்டர்' என்று 0.00125 மாதிரி ஒரு பூச்சி எண் இருக்கும். பேசிய விலையையும் ரெசிட்யுவலையும் கூட்டி அந்த எண்ணால் பெருக்கினால் மாத வட்டி. அந்த எண்ணை 2400ஆல் பெருக்கினால் நமக்குப் புரியும் வருட வட்டி. கம்பெனி கார்களைத் தள்ள நினைத்தால் ரெசிட்யுவலை உயர்த்தி எழுதும், அல்லது இந்த எண்ணைக் குறைக்கும். பேப்பரில் 'தள்ளுபடி' என்ற வார்த்தையே வராது, மாதத் தொகை மட்டும் இறங்கும். பெயரும் கெடாது.

இதில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. கம்பெனியின் கடன் நிறுவனம் குறைத்துக் கொடுத்த எண்ணை, டீலர் தன் பங்குக்கு உயர்த்திச் சொல்லி, வித்தியாசத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளலாம். லீஸ் பத்திரத்தில் மொத்த வட்டித் தொகையைக் காட்ட வேண்டும் என்று அங்கே விதி உண்டு. வட்டி விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று இல்லை.

கார் வந்து ஒரு வாரம். இரவில் தூக்கம் வரவில்லை, நேர வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் பத்திரத்தை விரித்து, பழக்க தோஷத்தில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். மொத்த வட்டி 5,026 என்று இருந்தது. 36ஆல் வகுத்து, 68,100ஆல் வகுத்தேன். 0.00205. வருடத்துக்கு 4.92 சதவீதம். அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் அதே மாதம், அதே காரை, வேறு ஊர் டீலரிடம் எடுத்திருந்தார். மறுநாள் கேட்டுப் பார்த்ததில் அவருடையது 0.00125, அதாவது 3 சதவீதம். எங்கள் கணக்கில் அது மாதம் 54 டாலர். மூன்று வருடத்துக்கு 1,961.

தொழிற்சாலை கொடுத்த சலுகை ஷோரூம் வரைக்கும் வந்திருக்கிறது. எங்கள் மேசைக்கு வரவில்லை. நாங்கள் கேட்டிருந்தால் வந்திருக்கும். மாதம் எவ்வளவு என்று அவர் கேட்டதும் நாங்கள் பதில் சொல்லிவிட்டோம், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விடுங்க மாமா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது, ஏனென்றால் எனக்குத் தெரியும்.

1990களில் நான் சென்னையில் ஒரு கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மகனுக்கு வாகனம் எடுக்கக் கடன் கேட்டு வந்தார். எங்கள் வட்டி பதினாறரை சதவீதம். அவர் கையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் தாள் இருந்தது, அதில் பத்து சதவீதம். "அவங்க குறைச்சுத் தராங்களே சார்" என்றார். அது 'ஃபிளாட்' வட்டி. அசலில் நீங்கள் கட்டக் கட்டக் குறையாமல் முதல் தொகைக்கே கடைசிவரை வட்டி. ஒரு லட்சத்துக்கு மூன்று வருடத்தில் முப்பதாயிரம் வட்டி, மாதம் 3,611. நாங்கள் கணக்கிடும் முறையில் அது ஏறக்குறைய பதினெட்டு சதவீதம். எங்களைவிட அதிகம். அதை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆண்டு இறுதிக் கணக்கு, மேசையில் கட்டுக் கட்டாகக் காகிதம், மணி நாலு. "அப்படியா, உங்க சௌகரியம் சார்" என்றேன். குடையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் கழித்து, 2016இல், மாப்பிள்ளை அடுத்த காரை எடுத்தபோது ஷோரூமுக்கே போகவில்லை. ஜூன் கடைசி வாரத்தில் நான்கு டீலர்களுக்கு ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மூன்று கேள்விகள்: சலுகைகள் கழிக்கும் முன் விலை என்ன, மனி ஃபேக்டர் என்ன, ரெசிட்யுவல் என்ன? பழைய வாடிக்கையாளருக்கும் எதிர்க் கம்பெனியிலிருந்து வருபவருக்கும் தனித்தனியாகத் தரும் தொகைகளையும் கேட்டு வாங்கினார். ஒருவர் பதிலே போடவில்லை, இன்னொருவர் "நேரில் வாருங்கள், மாதம் எவ்வளவு என்று பேசலாம்" என்றார். மற்ற இருவர் ஒழுங்காக எண்களைத் தந்தார்கள். அதில் ஒருவருக்கு முப்பதாம் தேதிக்குள் இன்னும் ஒரு கார் விற்க வேண்டியிருந்தது என்று பின்னால் தெரிந்தது.

இப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கும் எல்லா இடத்திலும் ஒரே பதில் கிடைப்பதில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். ஐயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோவில் ஒரு சோதனை நடத்தி 1991இல் வெளியிட்டார். வெள்ளை ஆண், வெள்ளைப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் என்று ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி பேரம் பேசச் சொல்லிப் பல டீலர்களிடம் அனுப்பினார். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலைதான் குறைவு. நம் பிள்ளைகளைப் போன்றவர்கள் அந்தச் சோதனையில் இல்லை.

நம் ஊரும் இதற்குள் மாறிவிட்டது. 2007இல் பி.எம்.டபிள்யூ. செங்கல்பட்டுப் பக்கம் தொழிற்சாலை திறந்து செடான்களைப் பூட்டத் தொடங்கியது. டிசம்பர் வந்தால், அந்த வருடத் தயாரிப்பு என்ற முத்திரை பழசாகிவிடும் என்பதால் இங்கேயும் சலுகை மழை. காப்பீட்டை எங்களிடமே எடுங்கள், துணைப் பொருள்களை எங்களிடமே போடுங்கள் என்று ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் 2021இல் இந்தியாவில் இந்தப் பேரத்தையே ஒழித்துவிட்டு, நாடு முழுக்க ஒரே விலை, நானே நேராக விற்கிறேன், டீலருக்குக் கமிஷன் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தை எழுதுங்கள். எனக்கு அந்த வசதி இல்லை, ஆவல் மட்டும் உண்டு.

மாப்பிள்ளை 2019இல் எடுத்த மூன்றாவது கார் 2022 ஜூனில் திருப்பித் தர வேண்டியது. அதற்குள் கொரோனா, சிப் பஞ்சம். புதுக் கார்களே கிடைக்காமல், சலுகை எல்லாம் காற்றில் போய், ஸ்டிக்கர் விலைக்கு மேலே டீலர்கள் கேட்ட காலம். நம் பழைய 'பிரீமியம்' விமானம் ஏறி அமெரிக்கா போய்விட்டது! பழைய கார்களின் விலையும் ஏறிக் கிடந்தது. ஆனால் 2019இல் எழுதிய ரெசிட்யுவல் எழுதியதுதான். அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தப்படி அவருக்கு உரிமை இருந்தது.

டீலர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்களாம். வண்டியை ஒரு மாதம் முன்னாலேயே கொண்டுவந்து விட்டுவிடுங்கள், கடைசியில் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம் என்றார்களாம். மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டு, "மாமா, சலுகை தராங்க" என்று சிரித்தார். பத்திரத்தை எடுத்து அந்த எண்ணைப் படிக்கச் சொன்னேன். சந்தை விலையைவிட ஆறாயிரம் டாலர் குறைவு.

வாங்கிவிட்டார். போன வருடம் நான் போனபோது பேத்தி அதே காரில்தான் விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப் போனாள்.